எல்லைக் கோடும் எல்லை நிலமும்: மத்தியகாலச் சாயலுடைய அதீதப் புனைகதைகள் பற்றிய ஒரு நோக்கு

கோட்டை கொத்தளங்களும் வாளேந்திய வீரரும் மந்திரவாதிகளும் நிறைந்த ஐரோப்பிய மத்தியகாலச் சூழலைப் பின்னணியாகக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டிலே ஆங்கிலத்தில் எழுந்த அதீதப் புனைகதைகளைத் திறனாய்வாளர் பெரும்பாலும் இரு வகையாகவே நோக்கி வந்துள்ளனர். யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் இலக்கியம் எனப் புறந்தள்ளியோர் ஒரு சாரார். அழியாத மானிட உண்மைகளைக் குறியீடாக உணர்த்துவன எனப் போற்றியோர் மற்றொரு சாரார். முதற் சாராருக்கு விடையிறுப்பது போல, ஜே. ஆர். ஆர். டொல்கீன் 1939 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவிலே, சிறைப்பட்டவன் தப்ப முயல்வதையும் படைவீரன் களத்தை விட்டு ஓடுவதையும் ஒன்றாகக் கருதலாகாது என வாதிட்டார். வாதம் கூர்மையானதே. ஆயினும் சிறை எது, அதன் மதில் எங்கு நிற்கின்றது, மதிலுக்கு அப்பால் வாழ்வோர் யாவர் என்னும் வினாக்களை அது எழுப்பவில்லை. அதீதப் புனைகதைகளின் தரத்தை அறுதியிடுவதற்கு உண்மையில் வேண்டப்படுவன அவ்வினாக்களே. இவ்வகைக் கதைகள் யாவற்றிலும் யாரோ ஒருவன் ஓர் எல்லையைக் கடக்கின்றான். கடந்தவனைப் பற்றிப் பேசாத கதை இல்லை. அவ்வெல்லையிலேயே குடியிருப்பவனைப் பற்றிப் பேசும் கதைகள் எத்தனை?

மத்தியகாலத்தை இவை போலச் செய்கின்றன என்று கூறப்படுவதால், மத்தியகாலத்தவருக்கு எல்லை என்பது யாதாக இருந்தது என்பதை முதலிற் காண்டல் தகும். இரண்டு அரசுகளைப் பிரிக்கும் மெல்லிய கோடாக எல்லையைக் கருதும் வழக்கம் நவீன தேசிய அரசும் அளவைமுறைத் தேசப்படமும் தோன்றியதன் பின்னர் உறுதிப்பட்டதாகும். அதற்கு முன்னர் எல்லை பெரும்பாலும் ஒரு நிலப்பரப்பு, அகலமுடையது, அங்கே மனிதர் வாழ்ந்தனர். பழைய ஆங்கிலத்தில் எல்லையைக் குறித்த ‘மெயார்க்’ என்னும் சொல் எல்லைப்புற நிலத்தையும் குறித்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நிலைபெற்ற மேர்சியா அரசின் பெயருக்கே ‘எல்லைநிலத்தார்’ என்பதுதான் பொருள். அவ்வரசை 757 முதல் 796 வரை ஆண்ட ஓஃபா, வேல்ஸ் நாட்டார்க்கும் தனக்கும் இடையே நெடிய மண்ணணை ஒன்றை எழுப்பினான் என்பது மரபு. கோடு போடும் முயற்சி அது என்பதில் ஐயமில்லை. ஆனால் நோர்மானியர் வருகைக்குப் பின்னர் அவ்வணையின் இரு மருங்கிலும் உருவாகியது கோடு அன்று. எல்லைநிலப் பிரபுக்களின் ஆட்சிப் பரப்பு. அங்கே இங்கிலாந்து மன்னனின் ஆணை வழமைபோற் செல்லவில்லை. ஆங்கிலச் சட்டமும் வேல்ஸ் வழக்கங்களும் கலந்த ஒரு தனிச் சட்ட மரபு வழங்கிற்று. எட்டாம் ஹென்றியின் காலத்திலே, 1542 அளவில் நிறைவேறிய சட்டங்களே அத்தனிநிலைக்கு முடிவு கட்டின.

இதனினும் சுவையானது ஸ்கொத்லாந்து எல்லையின் வரலாறு. எஸ்க், சார்க் என்னும் ஆறுகளுக்கு இடையிற் கிடந்த ஒரு துண்டு நிலம் எந்த அரசுக்கும் உரியதாகாமல் ‘வழக்கிற்குரிய நிலம்’ என்னும் பெயரைப் பெற்று நெடுங்காலம் கிடந்தது. 1552 ஆம் ஆண்டிலேயே அதன் நடுவே ஓர் அணை வெட்டி இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. இரு புறத்துக் குடிகளும் இரவிற் புகுந்து கால்நடைகளைக் கவர்ந்து சென்ற வரலாறு அவ்வெல்லைப்புறக் கதைப்பாடல்களிற் பதிவாகியுள்ளது. வெட்சி, கரந்தைத் திணைகளைப் பயின்ற தமிழ் மாணவருக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது. ஒப்பீட்டை அதற்கு மேல் நீட்டுதல் முறையன்று.

அக்கதைப்பாடல்களை வால்டர் ஸ்கொட் 1802, 1803 ஆம் ஆண்டுகளில் ‘ஸ்கொத்லாந்து எல்லைப்புறப் பாடல்கள்’ எனத் தொகுத்து வெளியிட்டார். ஆநிரை கவர்ந்தோரின் பாடல்கள் இருக்கும் அதே தொகுப்பில்தான் தேவதையரசியுடன் சென்ற பாவலன் தோமஸின் கதையும், தேவதைகளாற் கவரப்பட்ட டாம் லின்னின் கதையும் உள்ளன. இது வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை. எந்த மன்னனின் சட்டமும் முழுதாகச் செல்லாத நிலத்தில், இன்னொரு மன்னனின் சட்டம் இரவில் வந்து போவதாகக் கற்பனை செய்தல் இயல்பே. டாம் லின் கதை நிகழும் கார்ட்டர்ஹோ கற்பனை நிலமன்று. செல்கேர்க் நகரின் அருகே இன்றும் உள்ள இடம். அங்கு ரோசா மலரைக் கொய்த ஜனெட்டை டாம் லின் தடுக்கின்றான்; தன் அனுமதியின்றி அங்கு வந்தது ஏன் என வினவுகின்றான். அவளோ அந்நிலம் தந்தை தனக்குக் கொடுத்தது, எவர் அனுமதியும் வேண்டியதில்லை என விடை பகர்கின்றாள். காதற் கதை என்று இதனைப் பலரும் படித்துச் செல்வர். முதலில் அது ஒரு காணி வழக்கு என்பதைக் கவனித்தல் வேண்டும். அதன் முடிவும் எல்லையில் வாழ்பவளின் செயலாகவே அமைகின்றது: நள்ளிரவிற் குதிரையிலிருந்து அவனை இழுத்து வீழ்த்தி, கொடிய உருவங்களாக அவன் மாறியபோதும் கைவிடாது பற்றி நின்று, அவள் அவனை மீட்கின்றாள்.

எல்லையின் இத்தன்மையை விளக்குவதற்கு மானிடவியலாளர் ஒரு சொல்லை வழங்கியுள்ளனர். பிரெஞ்சு அறிஞர் ஆர்னோல்ட் வான் ஜெனெப் 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிறப்பு, பூப்பு, மணம், இறப்பு முதலிய சடங்குகள் பிரிதல், இடைநிற்றல், மீள இணைதல் என்னும் மூன்று கட்டங்களைக் கொண்டவை எனக் காட்டினார். நடுக்கட்டத்துக்கு அவர் வாயிற்படியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பெயரிட்டார். அதனைத் தமிழில் ‘இடைகழி நிலை’ எனலாம். வீட்டின் உள்ளும் அல்லாத, தெருவும் அல்லாத ஒடுங்கிய இடமே இடைகழி. திருக்கோவலூரில் மழையிரவிலே முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்ற இடமும் அதுவே. சாம்பியாவின் இன்டெம்பு மக்களிடையே ஆய்வு செய்த விக்டர் டேர்னர், 1964 ஆம் ஆண்டின் கட்டுரையிலும் 1969 ஆம் ஆண்டின் நூலிலும் இக்கருத்தை விரித்தார். இடைகழி நிலையில் உள்ளவன் பழைய தகுதியை இழந்தவன், புதிய தகுதியைப் பெறாதவன். சமூகத்தின் கண்ணுக்கு அவன் இறந்தவன் போன்றவன். அந்நிலையில் உடன் நிற்போருடன் ஏற்றத்தாழ்வற்ற தோழமை அவனுக்கு வாய்க்கின்றது என்பது அவர் கருத்து.

இக்கோட்பாட்டை அதீதப் புனைகதைகளுக்குப் பிரயோகித்த கட்டுரைகள் ஏராளம். காடு, குகை, ஆறு, கதவு என எது வரினும் இடைகழி எனப் பெயர் சூட்டி அமைதிகொள்ளும் போக்கு அவற்றிற் பலவற்றில் உண்டு. இப்பிரயோகம் ஒன்றைத் தவறவிடுகின்றது. சடங்கில் உள்ளவன் இடைகழியைக் கடந்து செல்பவன். அது அவனுக்கு ஒரு பருவம். எல்லை நிலத்தில் பிறந்தவனுக்கோ அதுவே வீடு. அவன் கடந்து செல்வதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. வான் ஜெனெப்பின் மூன்றாம் கட்டம் அவனுக்கு வருவதே இல்லை. கடப்போனின் நோக்கிலே எழுதப்பட்ட கதைகள் குடியிருப்போனை வழிகாட்டியாகவோ தடையாகவோ அரக்கனாகவோ மட்டும் கண்டுவிடும் அபாயம் இங்கிருந்தே பிறக்கின்றது.

மத்தியகாலக் காவியங்களும் இவ்வபாயத்திலிருந்து நீங்கியவை அல்ல. ஆயினும் அவற்றின் எல்லை உணர்வு வியக்கத்தக்க நுட்பமுடையது. பதினான்காம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பட்டு இன்று எடின்பரோவில் உள்ள ஓக்கின்லெக் கையெழுத்துப் பிரதியிலே காணப்படும் ‘சேர் ஒர்ஃபியோ’ இதற்குச் சிறந்த சான்று. கிரேக்கரின் ஓர்ஃபியஸ் கதையே இங்கு ஓர் ஆங்கில மன்னனின் கதையாகியுள்ளது. மே மாதத்து நண்பகலிலே, தன் சொந்தத் தோட்டத்தில், ஒட்டுக்கட்டப்பட்ட மரமொன்றின் நிழலில் அரசி உறங்குகின்றாள். தேவதை வேந்தன் கனவில் தோன்றி மறுநாள் அவளைக் கொண்டுசெல்வதாக அறிவிக்கின்றான். மறுநாள் ஒர்ஃபியோ ஆயிரம் வீரரை ஆயுதபாணிகளாக அவளைச் சூழ நிறுத்துகின்றான். அவர்கள் நடுவிலிருந்தே அவள் மறைகின்றாள். வேந்தனின் படை எந்தத் திசையிலிருந்தும் வரவில்லை. அதனால் காவலுக்குத் திசை இல்லை. ஒட்டுமரம் என்பது தற்செயலான அணியன்று: ஒரு மரத்தின் உடலில் இன்னொரு மரம் வாழும் இடம் அது; இரண்டு உயிர்களின் எல்லை அதன் தண்டிலேயே உள்ளது. மத்தியகாலக் கவிஞனுக்கு எல்லை நாட்டின் கோடியில் இல்லை. அரண்மனைத் தோட்டத்தின் நடுவே, பகலின் நடுவே, உறக்கத்தின் விளிம்பிலே அது இருக்கின்றது.

பின்னர் அரசைத் தன் காரியத்தனிடம் ஒப்படைத்துவிட்டு, ஒர்ஃபியோ பத்தாண்டுகள் வனத்தில் அலைகின்றான். ஒருநாள் பறவை வேட்டைக்கு வந்த மகளிர் கூட்டத்தில் மனைவியைக் கண்டு, அவர்களைத் தொடர்ந்து ஒரு பாறைக்குள் புகுந்து, மூன்று மைல் வரை நடந்து, ஒளிமிக்க சமவெளியை அடைகின்றான். அங்குள்ள கோட்டையில் அவன் காண்பவர்கள் இறந்தோர் எனக் கருதப்பட்டும் இறவாதவர்கள்: தலையிழந்தோர், நீரில் மூழ்கியோர், தீயிற் கருகியோர், பேற்றுப் படுக்கையிற் கிடந்த பெண்கள். உறங்குவது போல அவரவர் கொண்டுசெல்லப்பட்ட நிலையிலேயே அவர்கள் உறைந்து கிடக்கின்றனர். மத்தியகால இலக்கியத்தில் இடைகழி நிலையின் கொடுமையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய பகுதி அரிது. கடப்போனாகிய ஒர்ஃபியோ யாழிசையால் மனைவியை மீட்கின்றான். கிரேக்கக் கதையில் இழந்தவளை இங்கே இழப்பதில்லை. நாடு திரும்பிக் காரியத்தனின் விசுவாசத்தைச் சோதித்து மீண்டும் அரசனாகின்றான். மூன்று கட்டங்களும் முறைப்படி நிறைவேறுகின்றன. ஆனால் கோட்டை முற்றத்திற் கிடந்த மற்றவர்களைப் பற்றிக் காவியம் பின்னர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவர்கள் இன்னும் அங்கேயே கிடக்கின்றனர்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றிய ‘சேர் கவெய்னும் பச்சை வீரனும்’ என்னும் காவியத்தில் திரும்பி வருதலே வழக்கிற்குரியதாகிவிடுகின்றது. கவெய்னின் பயணம் வட வேல்ஸ் வழியாக அங்கிள்சீத் தீவுகளை இடப்புறம் விட்டு விரால் வனத்தை அடைவதாக இடப்பெயர்களுடன் கூறப்படுகின்றது. உண்மையான எல்லைப்புறமே காவியத்தின் வழி. அங்கே அவன் எதிர்கொண்ட பாம்புகளையும் ஓநாய்களையும் கவிஞர் சில அடிகளில் முடித்துவிடுகின்றார். உண்மையான சோதனை, விருந்தோம்பும் கோட்டையின் படுக்கையறையிலே, வீட்டுத் தலைவி திரைச்சீலையை நீக்கி வந்தமரும் காலைப் பொழுதுகளில் நிகழ்கின்றது. உயிரைக் காக்குமென நம்பிப் பச்சைக் கச்சை ஒன்றை அவளிடம் பெற்று மறைத்தமையே கவெய்னின் குற்றம். அவன் அதனை அவமானச் சின்னமாக அணிந்து ஆர்தரின் அவைக்குத் திரும்ப, அவையினரோ சிரித்து, அவனுக்குத் துணையாகத் தாமும் பச்சைக் கச்சை அணிகின்றனர். அவன் அனுபவத்தை அவர்கள் அலங்காரமாக்கிவிட்டனர் என்று கொள்வதே பொருத்தம். மீள இணைதல் என்னும் சடங்கு நடந்தேறுகின்றது. இணைந்தவன் தனியனாகவே நிற்கின்றான். இக்காவியத்தை ஈ. வி. கோர்டனுடன் சேர்ந்து 1925 ஆம் ஆண்டில் பதிப்பித்தவர் டொல்கீன். ‘சேர் ஒர்ஃபியோ’வை நவீன ஆங்கிலச் செய்யுளாக்கியவரும் அவரே, அது அவர் மறைவின் பின் 1975 இல் வெளியாயிற்று. நவீன அதீதப் புனைகதையின் முதன்மை ஆசிரியர் இவ்விரு முடிவுகளுக்கும் இடையே தம் வாழ்நாளைக் கழித்தவர் என்பது நினைவிலிருத்தத்தக்கது.

டொல்கீனுக்கு முன்னர் இத்துறையில் இருவரைக் குறிப்பிட்டேயாக வேண்டும். டன்சேனி பிரபுவின் ‘எல்ஃப்லாந்து மன்னனின் மகள்’ 1924 இல் வெளிவந்தது. ஏர்ல் என்னும் சிற்றூரின் பேரவையினர் தம்மை மந்திரத் தலைவன் ஒருவன் ஆளவேண்டுமென வேண்ட, இளவரசன் அல்வெரிக் அந்தியொளியாலான எல்லையைக் கடந்து எல்ஃப் இளவரசி லிராசெலை மணந்து வருகின்றான். மானிட உலகின் சட்டங்களுக்குள் அடங்க இயலாத அவள் மீண்டுபோக, எல்ஃப்லாந்து தன் எல்லையையே பின்னிழுத்துக்கொள்கின்றது. அல்வெரிக் ஆண்டுக்கணக்காகத் தேடியும் எல்லை அகப்படுவதில்லை; அது இருந்த இடத்திலே கற்கள் நிறைந்த வெறுநிலமும், சிறுவயதில் தொலைந்த விளையாட்டுப் பொருள்கள் போன்ற எச்சங்களுமே கிடக்கின்றன. விலகிச் செல்லும் எல்லை என்னும் இக்கற்பனை டன்சேனியின் தனிச் சாதனை. அதனினும் நுண்ணியது எல்லையருகே தனித்து வாழும் தோல்வினைஞனின் பாத்திரம். அவனும் அவன் போன்றோரும் வடக்கு, தெற்கு, மேற்கு ஆகிய திசைகளைப் பற்றிப் பேசுவர். கிழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசார். எல்லைக்கு மிக அருகில் இருப்பவனே அதனைக் காணாதவன் போல வாழப் பழகியவன். அல்வெரிக்கின் வீரத்தை விட இம்மௌனமே நெஞ்சில் தங்குகின்றது.

டன்சேனியின் குடும்பக் கோட்டை அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில், ஆங்கிலேயர் ஆட்சி வேலியிட்டதுபோல் அடங்கியிருந்த ‘பேல்’ எனும் பகுதியில் அமைந்திருந்தது. 1916 ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு எழுச்சியின்போது ஆங்கிலப் படை அதிகாரியாக டப்ளின் சென்ற அவர் முகத்திற் காயமுற்றார். நாவல் வெளிவந்த அதே 1924 இல், பிரிக்கப்பட்ட அயர்லாந்தின் எல்லையை வரையறுப்பதற்கான ஆணைக்குழு தன் பணியைத் தொடங்கிற்று. நாவலை இதற்கு நேரான உருவகமாகப் படித்தல் பிழையாகும். நூலில் அதற்கு ஆதாரம் இல்லை. எனினும் ஓர் எல்லை நகரக்கூடும், நகர்ந்தபின் பழைய எல்லையோரத்தில் வாழ்ந்தவன் வேறொரு நாட்டில் விழித்தெழக்கூடும் என்பதை அறிந்த சமூகம் ஒன்றிலிருந்தே இந்நூல் எழுந்தது. நூலின் இறுதியில் எல்ஃப்லாந்தின் எல்லை முன்னேறி ஏர்ல் முழுவதையும் தன்னுள் அடக்கிக்கொள்கின்றது. பேரவையினர் கேட்ட மந்திரம் கிடைத்துவிடுகின்றது. ஊர் மனிதர் அறிந்த நிலப்பரப்பிலிருந்து மறைந்துவிடுகின்றது.

1926 இல் ஹோப் மிர்லீஸ் எழுதிய ‘லட்-இன்-த-மிஸ்ட்’ எல்லையைச் சட்டத்தின் பிரச்சினையாக நோக்கிய நாவல். டோரிமேர் என்னும் வணிகர் நாட்டுக்கும் தேவதை நாட்டுக்கும் இடையே நிற்கும் மலைகளுக்கு அவர் இட்ட பெயர் ‘வழக்கிற்குரிய மலைகள்’. ஸ்கொத்லாந்து எல்லையின் பழைய நிலம் பெயரளவில் இங்கே மலையாக எழுந்துவிட்டது. அங்கிருந்து ஊற்றெடுக்கும் டப்பிள் ஆறு தலைநகரின் ஊடாகவே ஓடுகின்றது. பிரபு ஒப்ரியை விரட்டி ஆட்சியைக் கைப்பற்றிய வணிக வர்க்கத்தார் தேவதை நாட்டின் பெயரையே உச்சரிக்கக் கூசுவோர். அங்கிருந்து கள்ளத்தனமாக வரும் கனியைத் தண்டிக்க வேண்டும். ஆனால் கனி இருப்பதாகச் சட்டம் ஒத்துக்கொள்ளலாகாது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அக்கனி பட்டுத்துணியாகக் கொள்ளப்படுகின்றது. கனி கடத்தியவன் பட்டுக் கடத்தியவனாக விசாரிக்கப்படுகின்றான். இங்குள்ள நகைச்சுவை கசப்பானது. அப்பாலுள்ளவனின் பெயரைச் சொல்ல மறுக்கும் அரசு, அவனைத் தண்டிப்பதற்காக இல்லாத பெயர் ஒன்றை அவனுக்கு இட்டாக வேண்டியிருக்கின்றது. கதையின் உலகம் மத்தியகாலத்தை விடப் பிற்பட்ட வணிகச் சமூகம் என்பது உண்மையே; ஆயின் அடக்கப்பட்ட மத்தியகாலம் ஒன்று அதன் கீழே ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கின்றது. கிரேக்கச் சடங்குகளை ஆராய்ந்த ஜேன் ஹரிசனுடன் பல்லாண்டுகள் வாழ்ந்தவர் மிர்லீஸ். நகர முதல்வர் நதானியல் சான்டிக்ளியர் தன் மகனைத் தேடி எல்லை கடக்கும் பகுதி சடங்கின் சாயலைப் பெற்றிருப்பது அதனாற் போலும். அவர் திரும்பியபின் கனி வெளிப்படையாக நகருக்குள் வருகின்றது. இத்துறை நூல்களுள் எல்லை மூடப்படாமல் திறக்கப்பட்டு முடியும் அரிய நூல் இது; பல்லாண்டுகள் இதனைப் பேசுவார் இல்லாமற் போனமை விமரிசனத்தின் குறைபாடேயாகும்.

டொல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ (1954, 1955) இவற்றிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. அது தேசப்படத்துடன் வெளிவந்தது. மகன் கிறிஸ்தோபர் வரைந்த அப்படம் பின்வந்த நூற்றுக்கணக்கான அதீதப் புனைகதைகளுக்கு முன்மாதிரியாகிவிட்டது. நூலைத் திறந்ததும் நாடுகளைப் படத்திற் காணும் வாசகன், ஒர்ஃபியோவின் தோட்டத்திலே திடீரெனத் தோன்றிய எல்லையை இழந்துவிடுகின்றான். எது எங்கே என்பது முன்னரே முடிவாகிவிட்டது; தீமைக்குக் கிழக்கு என ஒரு திசை ஒதுக்கப்பட்டுவிட்டது. படத்தைப் போலி செய்தோர் பலர். டொல்கீன் படத்திற்குள் வைத்த எல்லை நிலங்களைக் கண்டோர் சிலர்.

அவை கவனத்திற்குரியவை. ‘பியோவுல்ஃப்’ காவியத்தில் அரக்கன் கிரெண்டலுக்குரிய அடைமொழிகளுள் ஒன்று ‘எல்லையில் உலவுபவன்’ என்பதாகும். அக்காவியம் பற்றி 1936 இல் புகழ்பெற்ற உரையொன்றை நிகழ்த்திய டொல்கீன், தம் நாவலில் எல்லையில் உலவுபவனை அரக்கனாக்காமல் காவலனாக்கினார். ஷையர் மக்கள் அமைதியாக வாழ்வதற்குக் காரணமான அரகோர்னின் குழுவினரை அம்மக்கள் அறியார். பிரீ என்னும் கலப்பூரிலோ அவன் ‘நெடுநடையன்’ என ஐயத்துடன் நோக்கப்படுகின்றான். மனிதரும் ஹொபிற்றுகளும் அருகருகே வாழும் அவ்வூர்தான் நூலிலே உண்மையான எல்லை நிலம். ரோகன் நாட்டாருக்குத் தம் நாடு ‘மார்க்’. மேர்சியாவின் மக்கள் தம் நாட்டை அவ்வாறே அழைத்திருப்பர் என மொழியியல் அடிப்படையில் டொம் ஷிப்பி 1982 ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார். அந்நாட்டின் எல்லைச் சட்டப்படி அரசன் அனுமதியின்றி அந்நியர் நடமாடலாகாது. அரகோர்ன், லெகொலாஸ், கிம்லி ஆகிய மூவரையும் வெளியில் எதிர்ப்பட்ட ஏயோமெர், அவர்களைப் பிடித்துச் செல்வதா விடுவதா என்னும் நெருக்கடிக்கு ஆளாகின்றான். ஈற்றில் குதிரைகளும் கொடுத்து அனுப்புகின்றான். அதன் விளைவைத் தானே ஏற்கின்றான். சட்டத்தைக் காப்பவனே எதிர்ப்பட்டவனின் முகத்தைப் பார்த்துச் சட்டத்தை மீறும் இவ்விடம், நூலில் வரும் பெரும்போர்கள் பலவற்றினும் கனதியானது.

லோத்லோரியன் எல்லையில் நிகழ்வதும் அத்தகையது. குள்ளர் இனத்தவனாகிய கிம்லியின் கண்களை மட்டும் கட்டவேண்டுமெனக் காவலர் கூறுகின்றனர். இழிவுக்கு உடன்பட அவன் மறுக்க, அரகோர்ன் குழுவினர் எல்லோர் கண்களையும் கட்டுமாறு கூறுகின்றான். காவலரின் இனத்தவனேயான லெகொலாஸுக்கு அது பொறுக்கவில்லை. தனக்கு நேராதவரை அச்சட்டம் அவனுக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை. ரோகன் படை தலைநகரை நோக்கிச் செல்லும்போது காட்டு மனிதரின் தலைவன் கான்-புரி-கான் வழிகாட்டுவதற்குக் கேட்கும் கூலியும் நினைவிற்குரியது. தம் மக்களை இனி விலங்குகளைப் போல வேட்டையாடலாகாது என்பதே அது. அன்பாகச் சித்திரிக்கப்பட்ட குதிரைவீரர்கள் அதுவரை அவ்வாறு வேட்டையாடி வந்தனர் என்பதை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் வெளிப்படுத்திவிட்டு அப்பாற் செல்கின்றார். பின்னர் முடிசூடிய அரகோர்ன் அக்காட்டை அவர்களுக்கே உரித்தாக்கி, அவர்கள் அனுமதியின்றி எவரும் புகலாகாது என அறிவிக்கின்றான். எல்லை என்பது யாண்டும் கொடிதெனக் கொள்வோர் இவ்விடத்தைச் சிந்தித்தல் வேண்டும்: வலியவனின் எல்லையும் மெலியவனின் எல்லையும் ஒன்றல்ல.

இவ்வளவு நுட்பம் வாய்ந்தவரிடமும் ஒரு பெருங்குறை உண்டு. ஓர்க்குகளுக்கு எல்லை நிலம் இல்லை. பிரீ போன்ற ஓரூரில் அவர்களுள் ஒருவன் குடியிருப்பதைக் கற்பனை செய்ய நூல் இடந்தருவதில்லை. தெற்கிலிருந்து வந்து இறந்து வீழ்ந்த வீரனைக் கண்ட சாம், அவன் பெயர் யாது, உண்மையில் தீயவன்தானோ, எந்தப் பொய் அவனை இத்துணைத் தூரம் நடத்திவந்தது என வியந்து நிற்கும் கணம் ஒன்று உண்டு. அக்கணம் நூலின் மனச்சாட்சி. ஆயின் அது இறந்தவனுக்கே வாய்க்கின்றது. உயிருடன் உள்ள எதிரிக்கு அல்ல.

கடப்போனின் கதையை டொல்கீன் கவெய்னின் வழியிலேயே முடித்தார். நால்வரும் திரும்பி வரும்போது பிரண்டிவைன் பாலத்தில் முன்பில்லாத கதவு அடைக்கப்பட்டுள்ளது. சொந்த ஊருக்குள் நுழைவதற்கு அவர்களுள் இருவர் கதவின் மேல் ஏறிக் குதிக்க வேண்டியிருக்கின்றது. வெளியுலகின் எல்லைகளை எல்லாம் கடந்தவர்களுக்கு இறுதி எல்லை வீட்டு வாயிலில் எழுந்துவிட்டது. ஊரை மீட்ட பின்னரும் ஃப்ரோடோ அங்கு வாழ இயலாதவனாகின்றான். மூன்றாம் கட்டம் அவனுக்கு வாய்ப்பதில்லை. 1916 இல் சொம் போர்க்களத்தில் நின்று நெருங்கிய நண்பரை இழந்து திரும்பிய ஒருவர் எழுதிய முடிவு அது என்பதை மறந்துவிட்டு, இந்நூலைத் தப்பியோடும் இலக்கியம் என்பது கடினம்.

பின்வந்தோருள் பெரும்பாலார் டொல்கீனிடமிருந்து தேசப்படத்தையும் ஓர்க்குகளையும் எடுத்துக்கொண்டு ஏயோமெரை விட்டுவிட்டனர். விதிவிலக்காகக் கூறத்தக்கவர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 1996 முதல் வெளிவந்த அவரது தொடரில் வரும் முந்நூறு மைல் நீளமும் எழுநூறு அடி உயரமுமான பனிச்சுவர், வட இங்கிலாந்திலுள்ள ஹேட்ரியன் மதிலைக் கண்டபோது தோன்றிய கற்பனை என அவரே கூறியுள்ளார். கி.பி. 122 இல் தொடங்கப்பட்ட அவ்வுரோம மதிலிலே ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சிறுகோட்டை இருந்தது; இரு புறமும் வாயில் வைத்தே அவை கட்டப்பட்டன. கற்பனைச் சுவரில் வாயில்கள் அரிது. ஆனால் சுவருக்கு அப்பால் ‘காட்டார்’ எனப்படுவோர் சுவர் எழுந்தபோது பிழையான பக்கத்தில் நின்றோரின் வழித்தோன்றல்களே என்பதை ஜோன் ஸ்னோ அறிந்துகொள்கின்றான். 2011 இல் வெளியான பகுதியில் அவர்களுக்குச் சுவரைத் திறந்துவிட்டமைக்காகத் தன் தோழர்களாலேயே கத்திக்குத்துக்கு ஆளாகின்றான். அரசியலை இவ்வளவு நேராக உணர்ந்த ஆசிரியர், அப்பாலிலிருந்து வரும் பனிப்பிணங்களை ஓர்க்குகளைப் போலவே முகமற்றவையாக விட்டமை வருந்தத்தக்கது.

உர்சுலா லெ குவினின் ஏர்த்சீ நூல்களின் உலகம் தீவுக்கூட்டம்; ஐரோப்பிய மத்தியகாலத்திலிருந்து அது சற்று விலகியே நிற்கின்றது. ஆயினும் எல்லை பற்றிய இந்நோக்கில் அவரைத் தவிர்த்தல் இயலாது. 1972 இல் வெளிவந்த ‘மிகத் தொலைவான கரை’யில், உயிருள்ளோர்க்கும் இறந்தோர்க்கும் இடையே ஒரு குன்றின் மீது தாழ்ந்த கற்சுவர் ஒன்று ஓடுகின்றது. எவரும் காலெடுத்து வைத்துக் கடக்கக்கூடிய உயரமே அதற்கு. திரும்பி வருதல்தான் அரிது. அதற்கப்பால் இருண்ட வறண்ட நிலம். ஒருவரையொருவர் அறியாது கடந்து செல்லும் இறந்தோர். அந்நூலில் அச்சுவர் உலகின் ஒழுங்காகவே கொள்ளப்பட்டது. நாயகன் கெட் அதில் ஏற்பட்ட உடைப்பை அடைப்பதற்காகத் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டான்.

இருபத்தொன்பது ஆண்டுகளின் பின், 2001 இல் எழுதிய ‘மற்றைய காற்று’ நூலில் ஆசிரியர் அச்சுவரிடம் மீண்டும் சென்றார். இம்முறை நாயகன் மாவீரன் அல்லன். உடைந்த கலங்களைப் பொருத்தும் சிற்றூர் வினைஞன் ஆல்டர். இறந்த மனைவி சுவருக்கு அப்பாலிருந்து அவனை அழைக்கின்றாள். பின்னர் இறந்தோர் கூட்டமாக வந்து தம்மை விடுவிக்குமாறு வேண்டுகின்றனர். தொன்மைக் காலத்து மந்திரவாதிகள் இறவாமையை விரும்பி, நாகங்களுக்குரிய மேற்கு நிலத்தைக் கவர்ந்து அச்சுவரைக் கட்டினர் என்பது அப்போது தெரியவருகின்றது. அது இயற்கையன்று; அதற்கும் ஒரு காணி வரலாறு உண்டு. ஒர்ஃபியோவின் கவிஞர் முற்றத்தில் விட்டுச் சென்றவர்களை ஒத்த கூட்டம் சுவரின் அப்புறத்தில் நின்று கற்களைப் பெயர்க்கின்றது. வாழ்நாள் முழுவதும் உடைந்தவற்றைப் பொருத்தி வந்த ஆல்டர் இப்புறத்தில் நின்று பெயர்க்கின்றான்.